கணினிக் கேள்வி பதில்: விசைப்பலகையிலிருந்து கை எடுக்காமல் கோப்பைத் தேடி எடுப்பது எப்படி?

இம்மாதம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கணினியில் சேர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே வேண்டியதை உடனே எடுப்பதற்கு லாஞ்சர் எனப்படும் தேடல் கருவி உதவுமா என்பதே வாசகர்களின் கேள்வி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் கணக்கும் ஆர்டரும் பார்த்து வருகிறேன். வடிவங்களின் படங்கள், விலைப்பட்டியல், பில் எல்லாம் பல ஆண்டுகளாக ஒரே கணினியில் குவிந்துகிடக்கின்றன. "முன்பு எங்கள் வீட்டு முகப்பில் பதித்த அதே கல் இன்னும் நூறு வேண்டும்" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போனில் கேட்டால், அவரைக் காக்க வைத்துவிட்டுக் கோப்புறை கோப்புறையாகத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. லாஞ்சர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் நொடியில் கிடைத்துவிடும் என்கிறான் அக்காள் மகன். அது என்ன? உண்மையிலேயே பயன் தருமா? (ஆத்தங்குடி வாசகர்)

பதில்: உங்கள் அக்காள் மகன் சொல்வது சரிதான், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, கோப்புகளுக்கு நீங்கள் வைக்கும் பெயரில் இருக்கிறது.

லாஞ்சர் என்பது ஒரு சிறிய தேடல் பெட்டி. நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு குறுக்குவிசையை (இதற்கென ஒதுக்கிய ஓரிரு விசைகளைச் சேர்த்து) அழுத்தினால் அது திரையின் நடுவே தோன்றும். வேண்டிய செயலியின் பெயரிலோ கோப்பின் பெயரிலோ நான்கைந்து எழுத்துகளைத் தட்டினால், பொருந்துவனவற்றைக் கீழே வரிசையாகக் காட்டும். அம்பு விசையால் வேண்டியதற்கு நகர்ந்து என்டரை அழுத்தினால் அது திறந்துகொள்ளும், பெட்டி தானே மறைந்துவிடும். மவுஸைத் தொடவே வேண்டியதில்லை. பழைய வட்டிக்கடையில் பெட்டியடியில் அமர்ந்திருப்பவர் விலாசத்தை, அதாவது கணக்குக்குரியவரின் குடும்பத் தலைப்பெழுத்துகளை, சொன்னால் போதும். பேரேடு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை, கணக்குப்பிள்ளை எடுத்துவந்து கொடுத்துவிடுவார். லாஞ்சர் செய்வது அந்தக் கணக்குப்பிள்ளையின் வேலை.

இந்த ஏற்பாடு கணினிக்குப் புதிதன்று. மேக் கணினிக்குக் குயிக்சில்வர் என்னும் லாஞ்சர் 2003இல் வந்தது. 2005 ஏப்ரலில் வெளியான டைகர் பதிப்பில் ஆப்பிள் நிறுவனமே ஸ்பாட்லைட் என்னும் தேடல் வசதியைச் சேர்த்துக் கொடுத்தது. 2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஸ்டார்ட் மெனுவிலும் தேடல் கட்டம் இடம்பெற்றுவிட்டது. ஆகவே உங்கள் கணினியில் எதையும் புதிதாக நிறுவாமலேயே இன்று பழகத் தொடங்கலாம். விண்டோஸ் விசையை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, எக்ஸெல்லின் ஆங்கில எழுத்துகளில் முதல் இரண்டைத் தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். செயலிகளைத் திறப்பதற்கு இதுவே போதும். ஒரு வாரம் இதைப் பழகிய பிறகு தனி லாஞ்சரை நாடுவதே நல்லது.

கோப்புகளைத் தேடுவதற்கு மட்டும் ஸ்டார்ட் மெனு போதாது. அது வலைத்தள முடிவுகளையும் கலந்து காட்டுகிறது. அதோடு, தொடக்க அமைப்பில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே அட்டவணைப்படுத்துகிறது. டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய கோப்புறைகள் அதில் சேர்வதில்லை. உங்கள் பட்டறைப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

இதற்கு இரண்டு இலவசக் கருவிகளைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள பவர்டாய்ஸ் ரன். ஆல்ட் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் அது வரும். சமக்குறியை முதலில் இட்டு எண்களைத் தட்டினால் கூட்டல் பெருக்கல் விடை அங்கேயே கிடைக்கும். சிறிது என்னும் கணிதக் குறியை, அதாவது இடப்பக்கம் கூர்முனை கொண்ட குறியை, முதலில் இட்டால் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களுக்குள் தேடும். இதே தொகுப்பில் 2025 முதல் கமாண்ட் பேலட் என்னும் புதிய பெட்டியும் வருகிறது. அதற்கு விண்டோஸ், ஆல்ட், ஸ்பேஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

மற்றொன்று வாய்ட்டூல்ஸ் வெளியிடும் எவ்ரிதிங். உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான். ஒவ்வொரு கோப்புறையாகப் போய்ப் பார்க்காமல், விண்டோஸ் தன் வட்டில் எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் பதிந்துவைக்கும் மூலப் பட்டியலையே இது நேரடியாகப் படித்துவிடுகிறது. புதிதாக விண்டோஸ் 10 நிறுவிய கணினியில் இருக்கும் ஏறத்தாழ 1,20,000 கோப்புகளை அட்டவணைப்படுத்த அதற்கு ஒரு நொடிதான் ஆகும் என்று அதன் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். நீங்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்டப் பட்டியல் கண்முன்னே சுருங்கிக்கொண்டே வரும். இதற்கெனக் குறுக்குவிசை எதுவும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதில்லை. ஆப்ஷன்ஸ் பகுதியில் கீபோர்டு என்பதைத் திறந்து நீங்களே ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று அறிய விரும்புவீர்கள். 1980இல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் வெளியிட்ட ஒரு கணக்கு முறை இதற்கு இன்றும் உதவுகிறது. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி, விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கையை மாற்ற 0.4 நொடி, தொழில்முறைத் தட்டச்சர் அல்லாத சராசரி ஆள் ஒரு விசையைத் தட்ட 0.28 நொடி, அடுத்து என்ன செய்வது என்று மனம் முடிவு செய்ய 1.35 நொடி என்று அவர்கள் வகுத்தார்கள். நீங்கள் ஐந்து இடங்களைச் சுட்டி ஒரு படத்தை அடைகிறீர்கள் என்றால், கை போய் வருவதையும் சேர்த்து 6.3 நொடி ஆகிறது. லாஞ்சரை அழைக்க இரண்டு விசை, பெயருக்கு ஆறு விசை, பிறகு என்டர் என்று ஒன்பது விசைகளைத் தட்டுவதற்கு ஏறக்குறைய 2.5 நொடி. இந்த வேறுபாடு பெரிதன்று. உண்மையான வேறுபாடு மனம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது: கோப்புறை வழியாகப் போகும்போது ஒவ்வொரு படியிலும் "இதுவா, அதுவா" என்று முடிவு செய்தாக வேண்டும், ஐந்து படிக்கு அதுவே 6.75 நொடி; ஒரு படியில் தவறினால் திரும்பி வர வேண்டும்; அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்த பேச்சும் அறுந்துவிடும். லாஞ்சரில் முடிவு ஒன்றுதான், "அதன் பெயர் என்ன?" என்பது.

அந்த ஒரு கேள்விக்கு விடை உங்களிடம் இருக்க வேண்டும். கேமரா தானாக இட்ட எண்களோடு படங்கள் கிடந்தால் எந்த லாஞ்சராலும் உதவ முடியாது. ஒவ்வொரு வடிவப் படத்துக்கும், வாடிக்கையாளர் போனில் எந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்பாரோ அந்தச் சொற்களைக் கொண்டே பெயர் வையுங்கள். "2021-09 கோவை முகப்பு தாமரை பச்சை 10 அங்குலம்" என்று பெயர் இருந்தால், "கோவை முகப்பு" என்று தட்டினாலும் வரும், "தாமரை பச்சை" என்று தட்டினாலும் வரும். எவ்ரிதிங்கில் இடைவெளி விட்டுத் தட்டும் சொற்கள் எந்த வரிசையில் இருந்தாலும் பொருந்தும். ஆண்டை முதலிலும் மாதத்தை இரண்டு இலக்கத்திலும் எழுதினால் பட்டியல் தானாகக் கால வரிசையில் நிற்கும். பழையவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முனைய வேண்டாம். யாராவது கேட்டு, நீங்கள் தேடி எடுக்கும் கோப்புக்கு அப்போதே பெயரை மாற்றுங்கள். அடிக்கடி கேட்கப்படுபவை சில மாதங்களில் ஒழுங்குக்கு வந்துவிடும், யாரும் கேட்காதவை அப்படியே இருந்தாலும் இழப்பில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பச்சி காலத்துக்கும் முந்தைய பேரேடுகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், இசைகுடிமானப் பத்திரங்கள் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடுகள்) முதலியவற்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாக வைத்திருக்கிறோம். லாஞ்சரில் ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ தட்டினால் ஒன்றும் வருவதில்லை. ஏன்? (கோட்டையூர் வாசகி)

பதில்: ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு ஒரு படம் மட்டுமே. அதில் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து எதுவும் அதற்குத் தெரியாது. எவ்ரிதிங் போன்ற கருவிகள் இயல்பாகப் பெயரை மட்டுமே பார்ப்பவை. உள்ளடக்கத்தைத் தேடும் கருவிகளும் உள்ளே எழுத்து இருந்தால்தான் தேடும். அச்சிட்ட தமிழை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்னும் இலவச மென்பொருளும் கூகுள் டிரைவும் நன்கு உதவுகின்றன. ஆனால் பேரேடுகளில் உள்ள கையெழுத்தையும், தமிழ் எண்களையும், கணக்குக் குறியீடுகளையும் அவை நம்பத்தக்க முறையில் படிப்பதில்லை. ஆகவே உங்கள் வீட்டு ஆவணங்களுக்குப் பெயரே ஆதாரம். அதில் சற்றுக் கூடுதல் உழைப்பைச் செலவிடுவது முற்றிலும் தகும், ஏனெனில் எந்தப் பக்கத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, ஆண்டு. பழைய கடிதங்களில் "வெகுதானிய வருஷம் ஆடி மாதம்" என்று இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அந்தப் பெயர் 1938 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டையும் குறிக்கும், 1998 ஏப்ரலில் தொடங்கியதையும் குறிக்கும். எனவே "1938 வெகுதானிய ஆடி ரங்கூன் கடிதம்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். எண்ணை நினைவில் வைத்திருப்பவர் எண்ணாலும், ஆவணத்தில் கண்ட பெயரை நினைவில் வைத்திருப்பவர் பெயராலும் தேடிக்கொள்வார்.

இரண்டாவது, விலாச எழுத்துகள். நகரத்தார் விலாசங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்பெழுத்துகள் புள்ளியோடு தொடர்ந்து வரும். ஒரு கோப்பில் "ராம.அழ." என்று இடைவெளியின்றியும், இன்னொன்றில் "ராம. அழ." என்று இடைவெளியோடும், மூன்றாவதில் புள்ளியே இல்லாமலும் இருந்தால், நம் கண்ணுக்கு அவை ஒன்றுதான்; எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு மூன்றும் வேறு வேறு. வீட்டில் அனைவரும் கூடி ஒரே முறையை முடிவு செய்யுங்கள். புள்ளி இல்லாமல், இடைவெளி மட்டும் விட்டு எழுதுவதே தேடலுக்கு எளிது என்பது என் கருத்து.

மூன்றாவது, ஊர்ப் பெயரின் எழுத்துமுறை. ரங்கூனை யாங்கூன் என்றோ, மோல்மீனை மௌல்மேன் என்றோ ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் ஒரு விதமாகவும் எழுதினால் பாதிக் கடிதங்கள் தேடலில் விடுபடும். ஆவணத்தில் உள்ள எழுத்துமுறை எதுவாயினும் கோப்பின் பெயரில் ஒரே வடிவம் நிலைக்கட்டும்.

கேள்வி: காரைக்குடியில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மணிவிழா அழைப்பிதழ் எல்லாம் தமிழில்தான். லாஞ்சரில் தமிழில் தட்டினால் சில கோப்புகள் வருகின்றன, சில கோப்புகள் பெயர் அதேதான் என்று கண்ணால் பார்த்தாலும் வருவதில்லை. ஆங்கிலத்தில் தட்ட நினைக்கும்போது தமிழ் வந்து விழுகிறது. (காரைக்குடி வாசகர்)

பதில்: தமிழில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் இடர்ப்பாடு இது, லாஞ்சர் பற்றிப் பேசும் ஆங்கிலக் குறிப்புகளில் இதற்கு விடை கிடைக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கக்கூடும். உங்கள் தொழிலில் அன்றாடம் வரும் "ஸ்ரீ" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அதை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ என்னும் எழுத்தைக் கொண்டும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தோன்றும், ஆனால் ஒன்றைத் தட்டினால் மற்றொன்று கிடைக்காது. ஒரு தட்டச்சு முறையில் ஒரு வகையும் வேறொரு முறையில் மற்ற வகையும் வருவதால், கடையில் இருவர் தட்டச்சு செய்தாலே இந்தக் கலப்பு நேர்ந்துவிடும். கோப்பின் பெயரில் "ஸ்ரீ" வேண்டாம் என்று விட்டுவிடுவதே எளிய வழி. "திரு" என்றோ, குடும்பப் பெயரை மட்டுமோ எழுதுங்கள்.

கொ, கோ போன்ற எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். சில தேடல் கருவிகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும், சில கொள்ளா. பழைய மேக் கணினிகளின் வட்டு முறை இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பு விண்டோஸில் தேடலுக்குச் சிக்காமல் போனால் இதையே முதலில் சந்தேகியுங்கள். அந்தப் பெயரை உங்கள் கணினியில் ஒருமுறை அழித்துவிட்டு மீண்டும் தட்டினால் சரியாகிவிடும். ஔகாரத்துக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து எழுதும் பழக்கமும் இப்படிப்பட்டதே. அச்சில் வேறுபாடு தெரியாது. தேடலில் "ஔவை" கிடைக்கமாட்டார்.

பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடுக்கிய பக்கங்கள் வேறொரு வகை. அங்கே நாம் தமிழாகக் காண்பவை கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எனவே அந்தக் கோப்புகளின் உள்ளே இருக்கும் மணமக்கள் பெயரை யூனிகோடில் தட்டித் தேட முடியாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டபோதிலும், அச்சகங்களில் பழைய எழுத்துருக்களை ஒரேயடியாக விட முடியாது என்பதை அறிவேன். பக்கத்தின் உள்ளே எந்த எழுத்துரு இருந்தாலும், கோப்பின் பெயரை மட்டும் யூனிகோடுத் தமிழில் "2024-06 திருமணம் தேவகோட்டை மெய்யப்பன் வீடு" என்பது போல எழுதிவிடுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் 2", "புது ஃபைனல்" என்று பெயரிடும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டு, திருத்தம் 1, திருத்தம் 2, அச்சுக்கு என்று எழுதினால், "தேவகோட்டை அச்சுக்கு" என்று தட்டியவுடன் அச்சிட்ட படி மட்டும் மேலே வந்து நிற்கும்.

ஆங்கிலம் தட்டும்போது தமிழ் வருவதற்குக் காரணம், கடைசியாகப் பயன்படுத்திய தட்டச்சு மொழியே லாஞ்சருக்கும் தொடர்ந்து வருவதுதான். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தி மொழியை மாற்றலாம். ஒவ்வொரு முறையும் மாற்றுவது அலுப்பாக இருந்தால், விண்டோஸ் அமைப்புகளில் தட்டச்சுப் பகுதிக்குள் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் தேர்வை இயக்குங்கள். ஃப்ளோ லாஞ்சர் என்னும் இலவசக் கருவியில், பெட்டி திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்திலேயே தொடங்கும்படி செய்யும் தேர்வு ஒன்று உண்டு. செயலிகளை ஆங்கிலத்திலும் கோப்புகளைத் தமிழிலும் தேடும் உங்களுக்கு, ஃப்ளோ லாஞ்சரைச் செயலிகளுக்கும் எவ்ரிதிங்கைக் கோப்புகளுக்கும் தனித்தனிக் குறுக்குவிசையில் வைத்துக்கொள்வது பொருந்தும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். இரண்டு விரலால்தான் தட்டச்சு செய்வேன். மவுஸே எனக்குப் பழக்கம். இதை நான் கற்றுக்கொள்ள வேண்டுமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: ஐயா, மேலே சொன்ன அதே கணக்கு முறை உங்கள் பக்கமும் பேசுகிறது. விசைப்பலகையில் பழக்கமே இல்லாதவருக்கு ஒரு விசைக்கு 1.2 நொடி என்று அம்மூவரும் வகுத்திருக்கிறார்கள். ஒன்பது விசைக்கு 10.8 நொடி ஆகிவிடும், கை வேலையை மட்டும் மவுஸின் 6.3 நொடியோடு ஒப்பிட்டால் அது தாமதமே. தினமும் திறக்கும் நான்கைந்து கோப்புகள் மட்டுமே உங்களுக்கு உண்டு என்றால், அவற்றை டெஸ்க்டாப்பில் வைத்து இருமுறை சொடுக்குவதே உங்களுக்கு ஏற்ற வழி. ஆனால் எழுதிய கட்டுரைகளும் சேகரித்த பாடக் குறிப்புகளும் நூற்றுக்கணக்கில் இருந்தால், "எங்கே வைத்தேன்" என்று தேடும் நேரத்துக்கு முன் அந்தப் பத்து நொடி ஒன்றுமில்லை. அந்த நிலையில் தேடலை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டியலில் வந்ததைத் தேர்ந்தெடுக்க மவுஸையே பயன்படுத்தலாம், அதில் குறை எதுவும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையையும் சற்றுப் பயின்று பாருங்கள். 1999இல் அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், விரலுக்கு இடம் பழகுவது எளிது. இன்றைய விண்டோஸிலேயே அது சேர்ந்து வருகிறது.

கேள்வி: எங்கள் அரிசி ஆலை அலுவலகத்தில் இருப்பது பழைய கணினி. நினைவகம் 4 ஜிபிதான். லாஞ்சர் போட்டால் இன்னும் மெதுவாகிவிடாதா? பென் டிரைவில் உள்ளதையும் தேடுமா? (புதுவயல் வாசகர்)

பதில்: எவ்ரிதிங்கைத் தாராளமாக நிறுவலாம். 10 லட்சம் கோப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ 75 எம்பி நினைவகமே அதற்குப் போதும். ஓர் ஆலை அலுவலகக் கணினியில் அவ்வளவு கோப்புகள் இருக்க வாய்ப்பில்லை. பவர்டாய்ஸ் பெரிய தொகுப்பு. அதில் லாஞ்சர் தவிர வேறு பல கருவிகளும் இருப்பதால், நிறுவினால் வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள். உங்கள் கணினிக்கு எவ்ரிதிங்கும் ஸ்டார்ட் மெனுவும் போதும் என்பதே என் பரிந்துரை.

பென் டிரைவ்கள் பெரும்பாலும் விண்டோஸ் வட்டிலிருந்து மாறுபட்ட வடிவமைப்பில் இருப்பதால் எவ்ரிதிங் அவற்றைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஆப்ஷன்ஸில் இன்டெக்சஸ் என்பதன் கீழ் ஃபோல்டர்ஸ் பகுதியில் அந்த டிரைவை நீங்கள் சேர்க்க வேண்டும். ஆயினும் ஆலைக் கணக்கைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கேள்வி: பழைய வீடொன்றை விருந்தினர் தங்கும் இல்லமாக நடத்துகிறோம். என்னிடம் இருப்பது மேக். ஸ்பாட்லைட் போதுமா, காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: போதும். கமாண்டோடு ஸ்பேஸை அழுத்தினால் வரும் பெட்டியே கணக்குப் போடும், வெளிநாட்டு விருந்தினருக்காக யூரோவை ரூபாயாகவும் மாற்றிக் காட்டும். முடிவைத் தேர்ந்தெடுத்த நிலையில் கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். கமாண்டோடு ஆர் என்னும் விசையை அழுத்தினால் அந்தக் கோப்புறையே திறக்கும். 2025இல் வந்த டஹோ பதிப்பில் நகலெடுத்தவற்றின் வரலாறும் ஸ்பாட்லைட்டுக்குள் சேர்ந்துவிட்டது. விருந்தினருக்கு அடிக்கடி அனுப்பும் வழிக்குறிப்பு, உணவு நேரம், அறைக் கட்டணம் போன்ற பதில்களைச் சில எழுத்துகளில் முழுமையாக வரவழைக்க விரும்பினால் மட்டும் ஆல்ஃபிரட் அல்லது ரேகாஸ்ட் என்னும் லாஞ்சரை நாடுங்கள். ரேகாஸ்டில் அந்த வசதி கட்டணமின்றியே கிடைக்கிறது. ஆல்ஃபிரடில் அதற்குப் பவர்பேக் என்னும் கட்டணத் தொகுப்பை வாங்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் இத்தகைய கருவி உண்டா? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

பதில்: உண்டு, பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. நோம் என்னும் திரைச்சூழலில் சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசையை) அழுத்தித் தட்டத் தொடங்குங்கள். கேடிஇ என்னும் திரைச்சூழல் என்றால் ஆல்ட்டும் ஸ்பேஸும் அதன் லாஞ்சரான கேரன்னரைத் திறக்கும். மேலும் வேண்டுமெனில் யூலாஞ்சரும் ரோஃபியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ரோஃபி அமைப்புக் கோப்பை எழுதிப் பழக விரும்பும் மாணவருக்கு மிகவும் ஏற்றது.

கேள்வி: அடகுக்கடையில் ஒரே கணினியை நாங்கள் மூவர் பயன்படுத்துகிறோம். வாடிக்கையாளர் எதிரே அமர்ந்திருக்கும்போது தேடல் பெட்டியில் மற்றவர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிவது சங்கடமாக இருக்கிறது. பாதுகாப்பாகப் பயன்படுத்த வழி என்ன? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: மிகவும் பொறுப்பான கேள்வி. நகை வைத்தவரின் பெயர் மற்றவர் கண்ணில் படுவது அவருக்கு நீங்கள் இழைக்கும் தீங்காகவே முடியும். ஆகவே கோப்பின் பெயரில் வாடிக்கையாளர் பெயரை எழுதாமல் அடகுச்சீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளரும் சீட்டைக் காட்டித்தானே கேட்கிறார். இந்த இதழில் மற்ற எல்லோருக்கும் நினைவில் நிற்கும் சொற்களால் பெயர் வைக்கச் சொன்னேன். உங்கள் தொழிலில் மட்டும் அது பொருந்தாது.

அடுத்து, மூவருக்கும் விண்டோஸில் தனித்தனிக் கணக்கு அமைத்துக் கடவுச்சொல் வையுங்கள். அப்படி வைத்தாலும், எவ்ரிதிங் வட்டின் மூலப் பட்டியலையே படிப்பதால் ஒருவரின் கோப்புகளை மற்றவர் திறக்க முடியாவிட்டாலும் பெயர்களைப் பார்க்க முடியும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் கடைக்கு அது வேண்டாம். விண்டோஸ் தேடலே போதும். அதன் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் தேடலுக்கான பக்கத்தில், தேடலில் சேர்க்க வேண்டாத கோப்புறைகளைக் குறிப்பிடலாம். ஸ்டார்ட் மெனுவில் அண்மையில் திறந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை, பர்சனலைசேஷனில் ஸ்டார்ட் என்பதன் கீழ் அணைத்துவிடுங்கள்.

நகலெடுத்தவற்றின் வரலாற்றையும் கவனியுங்கள். அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் விசையோடு வி விசையை அழுத்தும்போது கடைசியாக நகலெடுத்த 25 வரையிலான பதிவுகள் தெரியும். அவற்றில் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ இருக்கலாம். சிஸ்டம் அமைப்புகளில் கிளிப்போர்டு பகுதியில் அதை நிறுத்திவிடலாம். இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டுவதை மூவரும் கடைப்பிடியுங்கள். கணினித் திரையை வாடிக்கையாளர் பக்கம் திரும்பாதபடி பக்கச் சுவரை நோக்கி வைப்பதையும் இன்றே செய்துவிடலாம்.